ஓய்வுக்காலத்தில் வீட்டிலேயே காபிக்கொட்டை வறுக்க: எந்தக் கொட்டை, எவ்வளவு தீ, எத்தனை நிமிடம்?

திருச்சி வாசகர் (கேள்வி):

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு காலைப்பொழுது முழுக்கக் கையில் இருக்கிறது. கடையில் பொடி வாங்குவதை நிறுத்திவிட்டு, பச்சைக் கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுத்து அரைத்துக் குடிக்கலாம் என்று நானும் வீட்டம்மாவும் நினைக்கிறோம். எங்களிடம் இருப்பவை: கனமான இரும்பு வாணலி, கேஸ் அடுப்பு, மேஜை விளிம்பில் மாட்டிக் கையால் சுற்றும் பழைய காபி மிஷின், எவர்சில்வர் ஃபில்டர் ஒன்று, பித்தளை ஃபில்டர் ஒன்று. குடிப்பவர்கள் இரண்டு பேர். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

எந்தக் கொட்டை வாங்குவது? ஒரு தடவைக்கு எவ்வளவு வறுப்பது? போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கெங்கே தவறும்? வீடியோக்களில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

வறுகடாய்:

ஐயா, வறுப்பதற்கு முன்னால் வாரத்துக்கு எவ்வளவு தேவை என்று பார்த்துவிடுவோம். இரண்டு டம்ளர் காபிக்கு 20 கிராம் பொடி, 150 மில்லி தண்ணீர். பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கீழே இறங்குவது 110 மில்லி அளவுக்குத்தான். ஆளுக்கு 50 மில்லி டிகாக்‌ஷன், 100 மில்லி பால் என்றால் சரியாக இருக்கும். இரண்டு வேளைக்கு 40 கிராம், வாரத்துக்கு 280 கிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கு சிக்கரி என்றால் வறுத்த கொட்டை 225 கிராம் வேண்டும். வறுக்கும்போது எடை சுமார் 15 சதவீதம் குறையும். ஆகவே வாரம் ஒருநாள், 150 கிராம் வீதம் இரண்டு ஈடு பச்சைக் கொட்டை வறுத்தால் தாராளமாகப் போதும்.

ஒரே ஈடாக 300 கிராம் போடாதீர்கள். பத்து அங்குல வாணலியில் கொட்டை இரண்டு அடுக்குக்கு மேல் போனால் கீழே இருப்பது கருகும், மேலே இருப்பது வேகாது. எவ்வளவு கிளறினாலும் இது தீராது.

முதலில் கொட்டையைத் தட்டில் பரப்பிப் பொறுக்க வேண்டும். கல், கருத்துப்போனது, ஊசிமுனை அளவு துளை விழுந்தது (காய்த்துளைப்பான் வண்டு குடைந்தது), உடைந்த சில்லு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சில்லு சீக்கிரம் கருகி மொத்த ஈட்டுக்கும் கசப்பு ஏற்றிவிடும். ஒரு கருப்புக் கொட்டை போதும், டிகாக்‌ஷனில் புளித்த நாற்றம் வந்துவிடும். பத்து நிமிட வேலைதான், பேப்பர் படிக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சுகமாகவும் இருக்கும்.

வாணலியை நடுத்தீயில் மூன்று நிமிடம் காய விடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுருண்டு ஓடி மறைய வேண்டும். எண்ணெய், நெய் எதுவும் வேண்டாம். கொட்டையைப் போட்டதும் கிளற ஆரம்பித்து இறக்கும் வரை கையை நிறுத்தக் கூடாது. தட்டையான மரக்கரண்டி நல்லது, அடியிலிருந்து புரட்டலாம்.

4-5 நிமிடத்தில் பச்சை நிறம் போய் மஞ்சளாகும், வைக்கோல் வாசனை வரும். 7-8 நிமிடத்தில் இளம்பழுப்பு. அப்போது ரொட்டி சுடுகிற வாசனை வரும், வெள்ளிநிறச் சவ்வுத்தோல் உரிந்து பறக்கும். 9-லிருந்து 11 நிமிடத்துக்குள் ‘பட், பட்’ என்று தெளிவாக வெடிக்கத் தொடங்கும். இது முதல் வெடிப்பு. கொட்டைக்குள் சேர்ந்த நீராவியும் வாயுவும் அதைப் பிளக்கிற சத்தம் அது, கொட்டையின் சூடு அப்போது ஏறத்தாழ 196 டிகிரி செல்சியஸ். அந்தச் சத்தம் கேட்டவுடன் தீயைக் கால்வாசி குறைத்துவிடுங்கள். அதுவரை சூட்டை வாங்கிக்கொண்டிருந்த கொட்டை இப்போது தானே சூட்டை வெளியே விட ஆரம்பிக்கும். தீயைக் குறைக்காமல் விட்டால் ஒரு நிமிடத்தில் கைமீறிவிடும். பெரும்பாலானவர்களுக்குத் தவறுவது இந்த இடத்தில்தான்.

வெடிப்பு ஓய்ந்த பிறகு சிறிது நேரம் அமைதியாக இருக்கும். அதன் பின் மெல்லிய, வேகமான ‘சடசட’ வரும், அது இரண்டாவது வெடிப்பு. நம் ஃபில்டர் காபிக்கு அந்தச் சடசடப்பின் முதல் இரண்டு மூன்று சத்தம் கேட்கும்போது இறக்க வேண்டும். முதல் வெடிப்பு தொடங்கியதிலிருந்து கிட்டத்தட்ட 3 நிமிடம். மேலே எண்ணெய் மின்னினால் அதிகம் போய்விட்டது என்று அர்த்தம். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அடுப்படி விளக்கில் பழுப்பும் கருப்பும் ஒன்றாகத்தான் தெரியும். காதையும் மூக்கையும் நம்புங்கள்.

இறக்கிய பிறகு வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் இன்னும் வறுபடும். உடனே அகலமான எவர்சில்வர் சல்லடையில் கொட்டி, ஃபேனுக்குக் கீழே பிடித்துக் குலுக்குங்கள். நான்கைந்து நிமிடத்துக்குள் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிட வேண்டும். ஆறிய பிறகு முறத்தில் போட்டுப் புடைத்தால் மிச்ச உமியும் போய்விடும்.

தராசு:

மேலே சொன்னதோடு ஒன்று. சமையலறை எலெக்ட்ரானிக் தராசு இல்லையென்றால் வாங்கிவிடுங்கள். வறுபட்ட அளவைத் தராசு சொல்வது போலக் கண் சொல்லாது. 150 கிராம் போட்டு 131-133 வந்தால் இளவறுவல், புளிப்புத் தூக்கலாக இருக்கும், பாலோடு சேராது. 126-128 வந்தால் ஃபில்டர் காபிக்குச் சரி. 123-க்குக் கீழே போனால் கரி வாடை தொடங்கிவிடும். ஒரு நோட்டில் தேதி, கொட்டை, மஞ்சளான நிமிடம், முதல் வெடிப்பு, இறக்கிய நிமிடம், கடைசி எடை ஆகியவற்றை மட்டும் எழுதி வாருங்கள். நாலைந்து ஈட்டில் உங்கள் அடுப்புக்கும் வாணலிக்குமான கணக்கு பிடிபட்டுவிடும்.

கொட்டையைப் பார்த்தும் குடித்துப் பார்த்தும் தவறைக் கண்டுபிடிக்கலாம். வெளியே கருப்பு, கடித்துப் பார்த்தால் உள்ளே இளம்பழுப்பு என்றால் தீ அதிகம். தட்டையான பக்கத்தில் மட்டும் கரும்புள்ளி என்றால் கிளறியது போதவில்லை. நிறமெல்லாம் சரியாக இருந்தும் வாசனை இல்லாமல் சப்பென்று இருந்தால் தீ குறைவு. 18, 20 நிமிடம் இழுத்தால் கொட்டை வறுபடாது, காய்ந்துதான் போகும்.

மலைச்சரிவு:

கொட்டை பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. வறுத்து அரைத்துத் தரும் காபிக் கடைகளில் கேட்டால் பச்சைக் கொட்டையாகவே தருவார்கள். அல்லது தோட்டக்காரர்களிடம் நேராக வாங்கலாம். உங்களுக்குப் பக்கம் ஏற்காடு, கொல்லிமலை, சிறுமலை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு. காபியில் முக்கியமாக அராபிகா, ரொபஸ்டா என்று இரண்டு இனம். அராபிகா அறுவடை நவம்பர் முதல் ஜனவரி வரை, ரொபஸ்டா அதற்குப் பின்னால் தொடங்கி மார்ச் வரை போகும். காய்ந்து தோல் நீக்கி வர நாளாகும் என்பதால் மார்ச், ஏப்ரலில் கேட்டால் அந்த வருடத்துப் புதுக்கொட்டை கிடைக்கும்.

கடைக்காரர் சொல்லும் பெயர்களில் ‘பிளான்டேஷன்’ என்றால் பழத்தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்த அராபிகா. ‘செர்ரி’ என்றால் பழத்தோடு காயவைத்தது. பிளான்டேஷன் நீலப்பச்சையாக இருக்கும், வாசனை சுத்தமாக இருக்கும். செர்ரி மங்கிய மஞ்சளாக இருக்கும், கொஞ்சம் கரடுமுரடான ருசி. ஏஏ, ஏ, பி என்பதெல்லாம் சல்லடை அளவு மட்டும்தான். ஏஏ பெரியது என்பதால் ருசியும் பெரியது என்று இல்லை. வீட்டுக்கு ஏ போதும்.

பீபெரி என்பது தனி ஜாதி அல்ல. காபிப் பழத்தில் வழக்கமாக இரண்டு விதை, ஒன்றை ஒன்று முட்டி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஒரு விதை வளராமல் போனால் மற்றது உருண்டையாகிவிடும், அதுதான் பீபெரி. கையால் வறுப்பவருக்கு அதில் ஒரு சௌகரியம் உண்டு, வாணலியில் தானே உருளும், தட்டைப் பக்கம் இல்லாததால் ஒரே சீராக நிறம் ஏறும். பழகுவதற்கு முதல் ஒரு கிலோ பீபெரியாக வாங்குங்கள் என்பேன்.

கை பழகிய பிறகு பாதி பீபெரி, பாதி பிளான்டேஷன் ஏ. ஆனால் இரண்டையும் தனித்தனியாக வறுத்துப் பிறகு கலக்க வேண்டும். அளவு வேறு, வெடிக்கும் நேரம் வேறு. சேர்த்துப் போட்டால் ஒன்று கருகும்போது மற்றது அரைவேக்காடாக இருக்கும். எஸ்.795 என்ற ரகம் கிடைத்தால் விடாதீர்கள், கர்நாடகத்தின் பாலெஹொன்னூர் காபி ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. பாலோடு குடிக்க அதன் கனம் அருமையாக இருக்கும்.

பச்சைக் கொட்டையின் ஈரம் 10-12 சதவீதம் இருக்க வேண்டும். பல்லில் கடித்தால் பள்ளம் விழாமல் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். துணிப்பையில் கட்டி, சுவரை ஒட்டாமல், மிளகாய்த்தூள், பெருங்காயம் பக்கத்தில் இல்லாமல் வைத்தால் ஆறு மாதம் நன்றாக இருக்கும். வெளுத்துப்போனால் பழையது.

திருச்சி வாசகர்:

இவ்வளவு விவரமாகச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. தராசு சொல்லிவிட்டேன். இன்னும் மூன்று சந்தேகம். வறுத்த அன்றே அரைக்கலாமா? டிகாக்‌ஷன் சில நாள் இறங்கவே மாட்டேன் என்கிறது, சில நாள் கடகடவென்று இறங்கித் தண்ணீராக இருக்கிறது. ஏன்? வீட்டம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை உண்டு, எனக்கு இரும்புச்சத்து மாத்திரை. காபியை எப்போது குடிப்பது?

கள்ளிச்சொட்டு:

வறுத்த அன்றே அரைக்காதீர்கள் சார். வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைய இருக்கும். அன்றே அரைத்துச் சுடுதண்ணீர் ஊற்றினால் பொடி நுரைத்து மேலெழும்பி அங்கங்கே ஓட்டை போட்டுக்கொள்ளும், தண்ணீர் அந்த ஓட்டை வழியாகவே இறங்கிவிடும், சாரம் வராது. எவர்சில்வர் டப்பாவில் மூடியை இறுக்காமல் ஒரு நாள் விட்டு, மறுநாள் இறுக்கி மூடுங்கள். இரண்டாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை மிக நன்றாக இருக்கும். கொட்டையாக மூன்று வாரம் தாங்கும். அரைத்த பொடிக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது, வாசனை சீக்கிரம் பறந்துவிடும். கையில் மிஷின் இருக்கிறதே, அன்றன்றைக்கு 20 கிராம் அரைத்துக்கொள்ளுங்கள், மூன்று நிமிடச் சுற்றல். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். வெளியே எடுக்கும்போதெல்லாம் ஈரம் படியும், மற்றச் சாமான்களின் வாடையும் ஏறும்.

மிஷினின் திருகை முழுக்க இறுக்கிப் பல் இரண்டும் தொடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள், அங்கிருந்து கால் சுற்று தளர்த்துங்கள். அரைத்த பொடியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் நறநறவென்று இருக்க வேண்டும், ஆனால் தனித்தனி மணியாகக் கண்ணுக்குப் படக் கூடாது. மாவாக ஒட்டினால் இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள். அந்த மிஷினில் மிளகு, மல்லி எதையும் அரைத்துவிட வேண்டாம், வாடை போகவே போகாது. மிக்ஸிதான் இருக்கிறது என்பவர்கள் ஐந்து விநாடி ஓட்டி, ஐந்து விநாடி நிறுத்தி, நடுநடுவே குலுக்கி அரைக்கலாம். ஆனால் தூளும் கப்பியுமாகத்தான் வரும், சலித்தாக வேண்டும்.

டிகாக்‌ஷன் இறங்காததற்கு முக்கியமாக நான்கு காரணம். பொடி மிக நைஸ். பொடி மேல் வைக்கும் குடையை (காம்பு வைத்த துளைத்தட்டு) அழுத்தியது. சிக்கரி அதிகம். இவை மூன்றும் எல்லோருக்கும் தெரியும், நான்காவது தெரியாது. மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் மிகக் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லை, அந்தக் காற்றே டிகாக்‌ஷனைத் தடுத்து நிறுத்திவிடும். மேல் பாத்திரத்தை அரை அங்குலம் தூக்கிச் சற்றே திருப்பி வையுங்கள், சொட்ட ஆரம்பிக்கும். கரண்டியால் தட்டவோ பொடியைக் கிளறவோ கூடாது. கிளறினால் நைஸ் தூள் அடியில் போய்த் துளையை இன்னும் அடைக்கும். துளை அடைத்திருக்கிறதா என்று காலி ஃபில்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரிந்துவிடும். எவர்சில்வர் என்றால் துளையுள்ள அடிப்பாகத்தைத் தணலில் அரை நிமிடம் காட்டி, ஆறிய பின் பிரஷால் தேய்த்தால் அடைப்பு கருகி உதிரும்.

தண்ணீராக இறங்குகிறது என்றால் பொடி கப்பி, அல்லது பொடி சமமாகப் பரவவில்லை. பொடியைப் போட்டதும் பாத்திரத்தைப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிச் சமப்படுத்துங்கள். குடையை அதன் மேல் சும்மா வைத்தால் போதும். தண்ணீர் கொதித்ததும் அணைத்து அரை நிமிடம் பொறுத்து, முதலில் 30 மில்லி மட்டும் எல்லா இடமும் நனையும்படி ஊற்றுங்கள். பொடி ஊறி உப்ப முக்கால் நிமிடம் விட்டு, மிச்சத்தைச் சுற்றிச் சுற்றி ஊற்றி மூடுங்கள். 15-20 நிமிடத்தில் முழுக்க இறங்கினால் எல்லாமே சரி. ஐந்து நிமிடத்தில் இறங்கினால் அடுத்த நாள் இன்னும் நைஸாக அரைக்க வேண்டும், அரை மணிக்கு மேல் இழுத்தால் இன்னும் கப்பியாக.

பித்தளை ஃபில்டரின் உள்பக்கத்தில் கலாய் பூச்சு முழுசாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் கலாய் பூசிய பிறகுதான் உபயோகிக்க வேண்டும். காபியின் புளிப்பு செம்பைக் கரைக்கும். சுத்த வெள்ளீயத்தில்தான் பூச வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். அதுவரை எவர்சில்வரே போதும், ருசி ஒன்றும் குறையாது.

டிகாக்‌ஷனை ஒருநாளும் அடுப்பில் வைத்துச் சூடாக்காதீர்கள். மாலைக்குத் தனியாகப் போட்டுக்கொள்வதுதான் அழகு. முடியாது என்றால் மூடிவைத்து, சுடுதண்ணீரில் கிண்ணத்தை இறக்கிச் சூடாக்குங்கள். பாலும் புதிதாக ஒரு தடவை பொங்கியதாக இருக்கட்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய பாலில் வெந்த வாடை வரும், அது நீங்கள் பாடுபட்டு வறுத்த வாசனையை மூடிவிடும். டம்ளரில் சர்க்கரை, அதன் மேல் டிகாக்‌ஷன், அதன் மேல் பால், டபராவில் நாலு ஆற்று.

மருந்தாளுநர்:

மாத்திரைக் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. காபி அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். முன்னாலேயே குடித்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது, ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ஏறி இறங்கும், காரணம் தெரியாமல் அளவைக் கூட்டுவார்கள். எழுந்ததும் மாத்திரை, அப்புறம் கொட்டை அரைத்து, தண்ணீர் வைத்து, டிகாக்‌ஷன் இறங்கி, பால் காய்ச்சிக் கலப்பதற்குள் அந்த நேரம் தானாகக் கழிந்துவிடும்.

இரும்புச்சத்து மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் முன்னும் பின்னும் ஒரு மணியாவது இடைவெளி வேண்டும், இரண்டு மணி இருந்தால் மேல். எலும்பு தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் எடுப்பவர்கள் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் வேறெதுவும் குடிக்கக் கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிடும் நாட்களில் காஃபின் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். படபடப்பு வந்தால் அந்த நாட்களில் குறைத்துக்கொள்ளுங்கள்.

காஃபின் பாதியாகக் குறையவே சுமாராக ஐந்து மணி நேரம் ஆகும். மாலைக் காபியை மூன்றரை மணிக்கு மேல் தள்ளாமல் இருந்தால் தூக்கத்துக்கு நல்லது.

குடகுப் பிரியர்:

சிக்கரி ஐந்தில் ஒரு பங்கு என்று மேலே போட்டிருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கடைப் பொடியில் பழைய கொட்டையின் குறையை மறைக்கச் சிக்கரி தேவைப்படலாம். புதிதாக வறுத்த பீபெரிக்கு எதற்கு? முதல் இரண்டு வாரம் சிக்கரியே இல்லாமல் குடித்துப் பாருங்கள். கனம் போதவில்லை என்று தோன்றினால் கால் பங்கு கழுவிய ரொபஸ்டா சேருங்கள். ரொபஸ்டாவைத் தனியாகத்தான் வறுக்க வேண்டும், கொட்டை கெட்டி, சூடு ஏற நேரமாகும்.

வறுகடாய்:

சிக்கரி குறையை மறைக்க மட்டும் போடுவதில்லை. வேரை வறுத்து அரைத்த தூள் அது, தண்ணீரில் பெரும்பகுதி கரைந்துவிடும். டிகாக்‌ஷன் வேகமாக ஓடாமல் பிடித்து வைக்கும், நிறமும் பாகுத்தன்மையும் தரும். நூறு மில்லி பாலுக்கு நடுவே காபி நின்று பேச அது வேண்டும். இன்னொன்று, சிக்கரியில் காஃபின் கிடையாது. அராபிகாவில் சுமார் 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் ஏறத்தாழ அதன் இரண்டு மடங்கு. வயதானவர்களுக்குக் கனம் வேண்டுமென்று ரொபஸ்டாவை ஏற்றுவதைவிட 15-20 சதவீதம் சிக்கரி மேல் என்பது என் கருத்து. 30-ஐத் தாண்டினால் ஃபில்டர் அடைக்கும், இனிப்பும் துருத்தும், சிலருக்கு வயிறு உப்பும். கொட்டையோடு சேர்த்து வறுக்கவோ அரைக்கவோ வேண்டாம், தனித் தூளாக வாங்கி ஃபில்டரில் போடும்போது 16 கிராம் காபிக்கு 4 கிராம் கலந்துகொள்ளுங்கள். காற்றுப் பட்டால் கட்டியாகிவிடும், சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்குங்கள். ஆனாலும் சிக்கரி இல்லாமல் முதலில் குடித்துப் பார்க்கச் சொன்னது நல்ல யோசனை, கொட்டையின் சொந்த ருசி என்ன என்று நாக்குக்குத் தெரிந்த பிறகு கலப்பை முடிவு செய்யலாம்.

திருச்சி வாசகர்:

வீட்டம்மா ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறார். புகை எவ்வளவு வரும்? எங்களுடையது அடுக்குமாடி, அவருக்கு லேசாக இளைப்பும் உண்டு. எனக்குத் தோள்வலி, பன்னிரண்டு நிமிடம் கிளற முடியுமா என்று தெரியவில்லை.

பால்கனி அடுப்பு:

அம்மாவுக்கு இளைப்பு என்றால் வீட்டுக்குள் வறுக்கவே வேண்டாம். முதல் வெடிப்புக்குப் பிறகு நல்ல புகை வரும், உமியும் காற்றில் பறக்கும். அடி தட்டையான இரும்பு வாணலி என்றால் பால்கனியில் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்து வறுக்கலாம், அடுக்களைக் கதவைச் சாத்திவிடுங்கள். காற்று வீசும் நாளில் சூடு சீராக ஏறாது. காலை வெயில் ஏறுமுன் செய்துவிடுவது உத்தமம்.

தோள்வலிக்கு ஈட்டின் அளவைக் குறையுங்கள். 100 கிராம் போட்டால் 9 நிமிடத்தில் முடிந்துவிடும், மூன்று ஈடாக, நடுவில் உட்கார்ந்து எழுந்து செய்யலாம். அடுப்பு இடுப்புக்குக் கீழே இருந்தால் முழங்கையை மடக்கியபடி கிளறலாம், தோள் இழுக்காது. அதுவும் முடியாது என்றால் மூடியில் கைப்பிடி வைத்துச் சுழற்றும் பாப்கார்ன் பாத்திரம் கிடைக்கிறது, கிளறும் வேலை சுற்றும் வேலையாகிவிடும். உள்ளே கண்ணுக்குத் தெரியாது என்பதால் சத்தத்தையும் வாசனையையும் வைத்துத்தான் இறக்க வேண்டும். அடுத்தடுத்த ஈட்டுக்கு வாணலி ஏற்கெனவே சூடாக இருக்கும், இரண்டாவது ஈடு ஒரு நிமிடம் முந்தியே வெடிக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

பக்கத்தில் வாணலிக்குச் சரியான மூடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உமி தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடிவிட வேண்டும், தண்ணீர் தெளிக்கக் கூடாது. பருத்தித் துணி முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வெடிக்கும்போது ஒன்றிரண்டு கொட்டை தெறிக்கும்.